கம்பியும் பேட்டரியும் இல்லாமல் ஒளிரும் ஓடுதளப் பலகை: ஆயுள் சோதனைப் பதிவு

ஓடுதளத்து ஓரத்திலும், விமானம் ஓடுதளத்துக்குப் போகவும் வரவும் ஊர்ந்து செல்லும் பாதையான டாக்ஸிவேயின் முனைகளிலும் பலகைகள் இருக்கும். விமானி எந்த டாக்ஸிவேயில் நிற்கிறார், எங்கே திரும்ப வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்பதையெல்லாம் அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். வழக்கமாக அவற்றுக்குள் எல்இடியோ ட்யூப்லைட்டோ இருக்கும், தரைக்கடியில் கேபிள் போகும். எங்கள் மேசைக்கு வந்தது அந்த ரகம் இல்லை. உள்ளே டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருந்தன. கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது, அணைக்க சுவிட்சும் கிடையாது. வெயிலிலும் பனியிலும் மழையிலும் ஜெட் எஞ்சின் காற்றிலும் இது எத்தனை வருஷம் தாங்கும், தாங்காமல் போனால் முதலில் எது போகும் என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அதிலிருந்து வரும் பீட்டா துகள் ரொம்பப் பலவீனமானது, அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். காற்றில் கூடிப்போனால் 6 மில்லிமீட்டர் போகும், குழாயின் கண்ணாடியைத் தாண்டாது. குழாயின் உட்சுவரில் துத்தநாக சல்பைடு பாஸ்பர், அதாவது துகள் பட்டால் ஒளிரும் பொடி, பூசியிருக்கும், பீட்டா போய் அதில் மோதினால் வெளிச்சம் வரும், அவ்வளவுதான் சங்கதி. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.32 வருஷம். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 5.5 சதவீதம் குறையும், பத்து வருஷத்தில் 57 சதவீதம் மிஞ்சும், இருபது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாக நிற்கும். வெளிச்சம் இதைவிட வேகமாகவே இறங்கும், ஏனென்றால் இத்தனை வருஷமும் அடிவாங்கும் பாஸ்பரும் கூடவே களைத்துப்போகும்.

இந்தப் பலகையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சோதனைக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் கடைசியில் வீண் வாக்குவாதம்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விமான நிலைய விதித்தொகுப்பு அனெக்ஸ் 14 கேட்கும் ஒளிர்மை, ஓடுதளப் பார்வைத் தூரம் 800 மீட்டருக்குக் கீழே போகும் இடங்களில், சிவப்புக்குச் சதுர மீட்டருக்கு 30 கேண்டெலா (ஒளியின் அலகு), மஞ்சளுக்கு 150, வெள்ளைக்கு 300. சாதாரண இரவு உபயோகத்துக்கே 10, 50, 100 வேண்டும். பச்சை டிரிட்டியம் குழாய் புத்தம் புதிதாக இருக்கும்போதே ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது, அது முகப்புத் தகட்டைக் கடந்து வெளியே வரும்போது இன்னும் குறையும். ஆக, பெரிய விமான நிலையத்தின் மின்விளக்குப் பலகைக்கு இது மாற்றே கிடையாது. மின்சாரம் எட்டாத ஒதுக்குப்புற ஓடுதளம், அவசரத்துக்குப் போட்ட தற்காலிக ஓடுதளம் மாதிரி இடங்களுக்குத்தான் இதில் பொருள் இருக்கிறது. 1980களில் அமெரிக்க எரிசக்தித் துறையும் விமானப்படையும் அலாஸ்காவில் டிரிட்டியம் விளக்குகளை வைத்துப் பார்த்ததும் இந்தத் தேவைக்காகத்தான்.

நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டாயம் நிற்க வேண்டிய இடத்துப் பலகை சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருக்க வேண்டும் என்பது விதி. டிரிட்டியம் குழாய்களில் பச்சைதான் பிரகாசம், சிவப்பு பரிதாபமாக மங்கல். பச்சைக் குழாய்க்கு மேலே சிவப்புத் தகடு போட்டுச் சமாளிக்கலாமா என்று யாராவது கேட்டால், போட்டுப் பாருங்கள், இருட்டுதான் தெரியும். பச்சை ஒளியில் சிவப்பு இருந்தால்தானே தகடு அதை வெளியே விடும்!

சரி, சோதனைக்கு வருவோம். இது உரிமம் பெற்ற ஆய்வகத்தில் செய்த வேலை. டிரிட்டியம் குழாயை வீட்டில் வைத்து உருட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். நாங்களே நிஜக் குழாய்களைக் கடைசிச் சுற்று வரை தொடவில்லை. அதே போரோசிலிகேட் கண்ணாடி, அதே சுவர்த் தடிமன், அதே பூச்சு, உள்ளே டிரிட்டியத்துக்குப் பதில் ஹீலியம் என்று போலிக் குழாய்கள் செய்து வாங்கி, உடைக்கிற வேலை முழுவதையும் அவற்றின் மேல்தான் காட்டினோம். ஹீலியம் என்றால் கசிவைக் கண்டுபிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (வாயுவை அணு எடையால் இனம் காணும் கருவி) போதும், நுண்ணிய விரிசல் கூட அதில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஹீலியத்தில் ஒரு விஷமம் இருக்கிறது. போரோசிலிகேட் கண்ணாடியில் விரிசல் எதுவும் இல்லாவிட்டாலும் ஹீலியம் மெதுவாக ஊடுருவி வெளியே வரும், சூடு ஏற ஏற இன்னும் அதிகமாக வரும். வெப்பச் சோதனை முடிந்த கையோடு குழாயை எடுத்து அளந்தால் எல்லாக் குழாயும் கசிகிற மாதிரியே தெரியும். அறை வெப்பத்துக்கு வரவிட்டு, சோதனைக்கே போகாத ஒரு குழாயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். விரிசல் விட்ட குழாயின் அளவு அந்தப் பின்னணியிலிருந்து எகிறிக் குதிக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சோதனைகளின் வரிசை. ஆளுக்கொரு மாதிரியை எடுத்து ஒன்றை வெப்பத்துக்கும் இன்னொன்றைத் தண்ணீருக்கும் வேறொன்றை அதிர்வுக்கும் அனுப்பினால் எல்லாமே ஜம்மென்று பாஸாகிவிடும், அறிக்கையும் அழகாக இருக்கும், அந்த அறிக்கையால் யாருக்கும் உபயோகம் இருக்காது. வெயிலில் கேஸ்கெட் (மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை) இறுகிப்போன பெட்டிதான் மழையில் நனையும், அதிர்வில் கீறல் விழுந்த குழாய்தான் பனியில் சுருங்கும். அதனால் ஒரே மாதிரியை எல்லாவற்றுக்குள்ளும் வரிசையாக ஓட்டினோம். முதலில் யுவி எனும் புற ஊதாக் கதிர், அப்புறம் வெப்பச் சுழற்சி, அப்புறம் அதிர்வு, மோதல், உப்புத் தூவல், கடைசியில் தண்ணீர். விமானத்துக்குள் வைக்கும் ஒளிரும் பாதுகாப்புக் கருவிகளுக்கான அமெரிக்க விதிமுறையின் பழைய வடிவத்திலும் தண்ணீர்ச் சோதனை மற்ற எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அதன்படி கருவியை 30 அங்குல ஆழத் தண்ணீரில் 24 மணி நேரம் போட்டு வைத்து, பிறகு தண்ணீருக்கு மேலுள்ள காற்றழுத்தத்தை ஏறக்குறைய ஓர் அங்குலப் பாதரச அளவுக்கு இறக்கினார்கள், குமிழி வந்தால் தோல்வி. பலகைக்கென்று எழுதிய விதி இல்லை இது, ஆனாலும் உள்ளே இருக்கும் குழாய் மாட்யூலுக்கு, அதாவது குழாய்கள் அடங்கிய தனித் தொகுப்புக்கு, இதையே கடன் வாங்கிக்கொண்டோம்.

வெப்பச் சேம்பரை மைனஸ் 40-லிருந்து 65 டிகிரி செல்சியஸ் வரை ஓட்டினோம். குழாய் உடையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் அது அசையவே இல்லை. ஆட்டம் கண்டது அதைச் சுற்றியிருந்த பொருள்கள்தான். 90 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் இந்த 105 டிகிரி ஏற்ற இறக்கத்தில் அலுமினியச் சட்டம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டு சுருங்கும், பாலிகார்பனேட் முகப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல், போரோசிலிகேட்டோ வெறும் 0.3 மில்லிமீட்டர். மூன்றையும் இறுக்கி ஒட்டி வைத்தால் நடுவில் இருக்கிற கண்ணாடிதான் மாட்டும். வந்த மாதிரியில் குழாய்கள் சிலிகான் தொட்டிலில் தளர்வாகப் படுத்திருந்தன, அந்த வடிவமைப்பாளருக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். ஆனால் முகப்புத் தகட்டை வட்டத் துளையில் திருகு போட்டு முறுக்கியிருந்தார்கள். சுழற்சிகள் ஏற ஏறத் திருகைச் சுற்றி முடி மாதிரி விரிசல்கள் கிளம்பின. நீள்வட்டத் துளை போட்டு, திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து, விரலால் திருகி அதற்கு மேல் கொஞ்சமே முறுக்கிய அடுத்த மாதிரியில் அந்த விரிசல் வரவில்லை.

அந்த விரிசலுக்குப் பாதிக் காரணம் வெப்பம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அழுத்தத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டின் மேல் எரிபொருள் மாதிரி ஹைட்ரோகார்பன் பட்டால் அதில் வேகமாக விரிசல் விடும். ஓடுதளத்தில் ஜெட் எரிபொருள் ஆவியும் துளியும் சகஜம். முறுக்கிய தகட்டையும் முறுக்காத தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எரிபொருளில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் எது பிழைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே போகும் இன்னொரு ரசாயனம் பனி உருக்கும் திரவம். பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் பார்மேட் வகைகள் காட்மியம் பூச்சை அரிப்பது விமானத் துறையில் பழைய பிரச்சினை, ஆகவே காட்மியம் பூசிய திருகுகளைக் கேட்டுக் கேள்வியில்லாமல் தூக்கியெறிந்தோம். அலுமினியச் சட்டத்தில் நேராகப் போட்ட ஸ்டெயின்லெஸ் திருகும் உப்புத் தூவலில், அதாவது 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசல் மூடுபனியில், கடித்துக்கொண்டு கழற்ற முடியாமல் போகும். இன்சுலேட்டிங் பேஸ்ட் தடவி நைலான் புஷ் போட்டால் பிழைக்கலாம்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி: பெட்டியின் மூச்சு.

முழுவதும் மூடி சீல் வைத்த பெட்டிதான் பாதுகாப்பு என்று தோன்றும், எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 50 டிகிரியில் மூடிய பெட்டி மைனஸ் 10-க்கு இறங்கினால் கெல்வினில் 323-லிருந்து 263. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் பதினெட்டு பத்தொன்பது சதவீதம் விழுந்துவிடும். முகப்பு 90-க்கு 60 சென்டிமீட்டர் என்றால் அதன் மேல் வெளிக்காற்று ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமமாக அழுத்தும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு இதை எப்படித் தாங்கும்? தகடு உள்வாங்கும், கேஸ்கெட் எங்கேயோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும், அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். வெயிலில் காய்ந்த பலகையின் மேல் திடீர் மழை கொட்டினால் காற்றுக்குப் பதில் தண்ணீரையே உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் திரும்பி வெளியே வர வழி இல்லை, ஏனென்றால் மறுபடி சூடாகும்போது ஆவிதான் வெளியேறும், அடுத்த குளிரில் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். நன்றாக மூடிய பெட்டிக்குள்தான் கடைசியில் குளம் கட்டி நின்றது.

இதற்கு மருந்து, அடிப்பக்கத்தில் நுண்துளை கொண்ட பிடிஎப்இ (டெப்லான் வகைப் பிளாஸ்டிக்) சவ்வு போட்ட வென்ட், அதாவது காற்றுத் திறப்பு, ஒன்று. காற்றை விடும், நீர்த்துளியை விடாது. பெட்டிக்கு வென்ட், உள்ளே குழாய் மாட்யூல் மட்டும் முழு சீல் என்று பிரித்துக்கொண்டதும் பிரச்சினை பாதியாகக் குறைந்தது. வென்டில் இன்னொரு லாபமும் உண்டு. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் வாயு பெட்டிக்குள் தேங்காமல் கலைந்து போய்விடும். டிரிட்டியம் வாயுவாக இருக்கும் வரை உடலுக்குள் அவ்வளவாகத் தங்காது, ஆனால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து டிரிட்டியம் தண்ணீராக மாறினால் ஆபத்து 10,000 மடங்கு. உடம்புக்குள் போன அந்தத் தண்ணீரில் பாதி வெளியேறச் சுமார் பத்து நாள் ஆகும். ஈரம் கட்டி நிற்கும் மூடிய பெட்டியைப் பல வருஷம் கழித்து ஒரு பராமரிப்பு ஊழியர் வெறுங்கையால் திறப்பதை நினைத்துப் பாருங்கள், வென்ட் எவ்வளவு மலிவு என்று புரியும். கேஸ்கெட்டுக்குச் சிலிகான் போட்டால் மைனஸ் 40-லும் மெத்தென்று இருக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பர் அந்தக் குளிரில் மரக்கட்டையாகிவிடும், அதற்கு மேல் அது எதையும் மூடாது.

அதிர்வு மேசையில் அலைவெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் குழாய்களைப் பார்த்தோம். ஒரு கட்டத்தில் பக்கத்துக் குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுத் தட்ட ஆரம்பித்தன. உடையவில்லை, உடனே அளந்தபோது கசிவும் இல்லை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. கண்ணாடியின் பலம் அதன் மேற்பரப்புக் கீறலைப் பொறுத்தது, கீறலில் ஈரம் சேர்ந்து மேலே இழுவிசையும் இருந்தால் விரிசல் சத்தமில்லாமல் வளரும். இன்று தப்பித்த குழாய் சில வாரம் கழித்து, யாருமே தொடாதபோது, தானாகப் போகும். அதனால் அதிர்வு முடிந்த மாதிரிகளை ஈரமும் சூடும் உள்ள சேம்பரில் பல நாள் போட்டு வைத்துவிட்டுத்தான் அளந்தோம். தட்டிக்கொண்ட ஜோடியில் ஒன்று அப்போதுதான் கசிவு காட்டியது. குழாய்களுக்கு இடையில் சிலிகான் தடுப்பை உயர்த்திய பிறகு அந்தத் தட்டல் நின்றுவிட்டது.

டிரிட்டியம் குழாயில் காலப்போக்கில் வரும் இன்னொரு இழுவிசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரிட்டியம் அணுவும் சிதைந்து ஹீலியம்-3 ஆகும். டிரிட்டியம் மூலக்கூறில் இரண்டு அணு, ஹீலியமோ தனி அணு, ஆக ஒரு மூலக்கூறு இரண்டு அணுவாகிவிடுகிறது. முதல் அரை ஆயுள் முடியும்போது உள்ளழுத்தம் ஒன்றரை மடங்கு, முழுக்கச் சிதைந்தால் இரண்டு மடங்கு. நான் முன்பு சொன்ன அந்த ஊடுருவலால் ஹீலியம் கொஞ்சம் வெளியேறி இதைத் தணிக்கும்தான், ஆனால் அந்தச் சலுகையை நம்பி வடிவமைக்க மாட்டேன். போலிக் குழாய்களில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வாங்கியது இதற்காகத்தான்.

மோதல் சோதனையில்தான் உண்மையான முரண்பாடு தலைகாட்டியது. விமான இறக்கையோ சக்கரமோ இடித்தால் பலகை எளிதில் முறிந்து விழ வேண்டும், விமானத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்பது ஓடுதளப் பலகையின் அடிப்படை விதி. அதே பலகைக்குள் உடையவே கூடாத கண்ணாடிக் குழாய்களை நாம் வைத்திருக்கிறோம். எது முதலில் உடையும் என்பதை அதிர்ஷ்டத்திடம் விட முடியாது. கால் அடியில் இருக்கும் முறியும் இணைப்பை இழுவைக் கருவியில் மாட்டி இழுத்து, அது முறிகிற விசையில் முகப்பிலும் குழாய் மாட்யூலிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தோம். முதல் வடிவத்தில் இணைப்பு முறிந்தது சரி, ஆனால் விழுந்த பலகை முகம் குப்புற கான்கிரீட்டில் அடித்தது, உள்ளே மாட்யூல் சட்டத்தில் இடித்து ஒரு போலிக் குழாய் போயிற்று. மாட்யூலைச் சட்டத்திலிருந்து பிரித்து நான்கு பக்கமும் நுரைத் திண்டு கொடுத்த பிறகு, பலகை விழுந்து முகப்பு கிழிந்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருந்தது. கூடவே ஒரு கம்பிக் கயிறும் போட்டோம், முறிந்த பலகையை ஜெட் காற்று அடித்துக்கொண்டு போய் ஓடுதளத்துக்கு நடுவில் போட்டுவிடக் கூடாதில்லையா.

கல்லடிக்குச் சமமாக அரைக் கிலோ எஃகு உருண்டையை ஒரு மீட்டரிலிருந்து போட்டோம், ஏறக்குறைய 5 ஜூல். பாலிகார்பனேட் குழிந்து கொடுத்தது, குளிரிலும் அப்படியே. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த அக்ரிலிக் முகப்பு குளிரில் சில்லு சில்லாகப் போனது. ஆனால் யுவி விளக்கடியில் கதை தலைகீழ், அக்ரிலிக் தெளிவாக நின்றது, பாதுகாப்புப் படலம் இல்லாத பாலிகார்பனேட் மஞ்சளடித்தது. மேல்படலத்தில் யுவி தடுப்பு சேர்த்து வார்த்த பாலிகார்பனேட்டைத்தான் கடைசியில் பரிந்துரைத்தோம்.

ஒளியை அளப்பதில் சில நுணுக்கங்கள். இந்த பாஸ்பர் அறை வெளிச்சத்தையும் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மினுக்கும், ஆகவே பல மணி நேரம் கும்மிருட்டில் வைத்த பிறகுதான் மீட்டரைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். வெப்பம் கூடினால் பாஸ்பர் ஒளி குறையும், எனவே எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளக்க வேண்டும். சோதனைக்குப் போகாத ஒரு மாட்யூலை இருட்டில், அறை வெப்பத்தில் வைத்திருப்பது கட்டாயம், அது இல்லாவிட்டால் இயல்பான சிதைவு எவ்வளவு, நாம் பண்ணிய சேதம் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. அப்படிப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: மஞ்சளடித்து, மணல் உரசி, அழுக்குப் படிந்த முகப்பு தின்னும் ஒளி, டிரிட்டியம் பல வருஷத்தில் இழப்பதற்கு ஈடானது. பலகையைத் துடைக்க ஆள் அனுப்புவதே பெரிய ஆயுள் நீட்டிப்பு. வாங்குகிறவர்கள் குழாயின் கியூரி (கதிரியக்க அளவின் அலகு) எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பேரம் பேசுகிறார்கள், முகப்புத் தகட்டைப் பற்றி ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

கடைசிச் சுற்றில் நிஜ மாட்யூல். டிரிட்டியத்தை கெய்கர் கருவி கண்டுபிடிக்காது, அந்தப் பீட்டா அதன் ஜன்னலைத் தாண்டினால்தானே? ஈரப்படுத்திய வடிதாளால் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பைத் துடைத்து, திரவ சிண்டிலேஷன் கவுண்டரில், அதாவது பீட்டா பட்டால் மினுக்கும் திரவத்தில் அந்த மினுக்கல்களை எண்ணும் கருவியில், போட்டு எண்ண வேண்டும். முன்பு சொன்ன அமெரிக்க விதியில் 100 சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 2,200 சிதைவு என்பது எல்லை, மொத்தச் சரக்கில் 0.1 சதவீதம் கசிந்தாலும் தோல்வி. எங்கள் மாட்யூல் இரண்டுக்கும் வெகு கீழே நின்றது. பெட்டியின் உட்சுவரையும் வென்ட் சவ்வையும் தனியாகத் துடைத்து எண்ணுங்கள், மாட்யூலின் வெளிப்புறம் மட்டும் போதாது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி நிற்கிறது, அதுவும் ஒரு ஸ்டிக்கர். கதிரியக்கச் சின்னம், எவ்வளவு டிரிட்டியம், எப்போது நிரப்பியது, காலாவதியானால் யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள். யுவியும் உப்பும் முடிந்தபோது எழுத்து வெளுத்து ஓரம் சுருண்டு கிடந்தது. குழாய் இருபது வருஷம் தாங்கி, அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் காகிதம் இரண்டு வருஷத்தில் உதிர்ந்தால், கடைசியில் அந்தப் பலகை பழைய இரும்போடு போய்ச் சேரும். உலோகத் தகட்டில் எழுத்தைப் பொறித்து, பெட்டியில் ஒன்று, மாட்யூலில் ஒன்று என இரண்டு இடத்திலும் ரிவெட் அடிக்கச் சொல்லி அறிக்கையில் எழுதிவிட்டோம், புதிய மாதிரி அந்தத் தகட்டோடு வந்ததும் உப்புச் சேம்பரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.